ஈரக் கழிவு

கொளப்பள்ளியில் கொழுந்து நிறுப்பவன் நான்.
பதினெட்டு வருடமாக என் குரலுக்கு
ஒரே வேலை:
பெயர், எடை, கழிவு.
"செல்வராணி, இருபத்திரண்டு.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
பத்தொன்பது எழுது."
மலையே நனைந்து கிடக்கிற நாளில்
அந்த இரண்டை ஏன் எடுக்கிறாய் என்று
கேட்டவர்கள் உண்டு.
கேட்டுவிட்டு
முக்காட்டை இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஆடியில் ஒரு சாயங்காலம்
லாரியை அனுப்பிவிட்டுத் திரும்பினால்
தராசுத் தட்டில் இரண்டு பாதத் தடம்.
செருப்பில்லாத, சின்ன, ஈரத் தடம்.
பக்கத்தில் தரையில்
கழற்றி வைத்து மறந்துபோன
ஒரு ஜோடிக் கொலுசு.

விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.
சாக்குக்கு ஒன்று.
கொலுசுக்கு எவ்வளவு?

நிரோஷினி. பத்தாம் வகுப்பு.
எனக்குத் தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லி
தினமும் கொட்டகைக்கு வந்தாள்.
நான் லாரிக்குப் போகும்வரை காத்திருந்திருக்கிறாள்.

பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது:
தோழி வீட்டில் சாப்பிட்டேன் என்ற இரவுகள்,
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்,
சீப்பில் கொத்தாக முடி.
கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று
அவள் அம்மா கேட்டபோது
மழைதான், எல்லாருக்கும்தான் குளிர்கிறது என்றவன் நான்.

இன்னொன்றும் உண்டு.
பந்தலூர்க் கல்யாணத்தில் அவள்
நீலத் தாவணியில் வந்து நின்றபோது,
"மூட்டை கனமா இருக்கே,
கழிவு போடணுமே" என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அவளும் சிரித்தாள்.

ஒரு வாக்கியத்தால் வருகிற நோயில்லை இது
என்றார் கூடலூர் டாக்டர்.
ஆனாலும் இனிமேல் சொல்லாதீர்கள் என்றார்.
இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே நர்ஸ் அவளைத் திருப்பி நிறுத்தினாள்,
முள் முதுகுப் பக்கம் இருக்கும்படி.
என்னையும் திரும்பச் சொன்னாள்.
சுவரில் தடுப்பூசி அட்டவணை.
என் பின்னால் ஒரு எடை விழுந்தது,
யாரும் அதைக் கூவவில்லை.
இங்கேயும் எழுத மாட்டேன்.

மூன்று வேளை, கூடவே உட்காருங்கள்.
வாயை எண்ணாதீர்கள். கெஞ்ச வேண்டாம்.
சாப்பிட்டால் சபாஷும் வேண்டாம்.
முடிந்தபின் அரைமணி எழாமல் இருங்கள்.

உட்கார்ந்திருக்கிறேன்.
எண் இல்லாமல் பேச எனக்கு வரவில்லை.
ஒற்றைக் கொம்பன் லயத்துப் பக்கம் இறங்கி
டேவிட் வீட்டுப் பலாவை உலுக்கியதைச் சொன்னேன்.
மறுநாளும் அதையே சொன்னேன்.
"நேத்தே சொன்னீங்க" என்றாள்.

ஒருநாள் தட்டு சுவருக்குப் போனது.
காலண்டரில் ஆவணி முழுக்க
சம்பல் சிவப்பு.
ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமல்
"பயமா இருக்குப்பா. ரொட்டியைப் பாத்தா
பயமா இருக்கு" என்றாள்.
ரொட்டிக்கா பயப்படுவாய் என்று
நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கினேன்.
அன்றைக்கு நான் விழுங்கியது அதுதான்.
"சரி" என்றேன். எழுந்து போகவில்லை.

கொலுசு என் மேசை டிராயரில்
கணக்குப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.
அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
கொட்டகைக்கு இப்போது பூட்டு.
பூட்டினால் போதாது என்று தெரியும்.
எண் கொட்டகையிலா இருக்கிறது?

நேற்று ராத்திரி நல்ல மழை.
பாதி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்:
"ஈரத்துக்கு எதுக்குப்பா ரெண்டு கிலோ கழிக்கிறீங்க?
அந்தத் தண்ணியையும் சேத்துத்தானே
அவங்க சுமந்துட்டு வராங்க?"

கம்பெனி விதி என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

மிச்சப் பாதியை அவள் என்ன செய்தாளென்று
எனக்குத் தெரியாது.
தட்டைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தால்
கழுத்து இப்படி வலிக்கும் என்று
அந்த டாக்டர் சொல்லவே இல்லை.